அய்யாவு நெற்றியில் விழுந்த சொல்

பிரிக்பீல்ட்ஸில் ரயில் பட்டறையைத் தாண்டி ஒரு மேடு ஏறினால் அந்தக் காலத்தில் மழையாபீஸ் இருந்தது. அதற்கு இங்கிலீஷில் நீளமான பேர் ஒன்று உண்டு. அதை முழுசாகச் சொல்லத் தெரிந்தவர்கள் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். மற்றவர்களுக்கு அது வெறும் மழையாபீஸ். கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் எப்போது மழை பெய்தது, எத்தனை பெய்தது என்று எழுதிச் சிங்கப்பூருக்கு அனுப்புவது அதன் வேலை. பெய்து முடிந்த மழையைப் பற்றித்தான் அது பேசும். பெய்யப்போகிற மழையைப் பற்றி யாராவது கேட்டால், அது இலாகாவின் வரம்புக்குள் வராது என்று பதில் வரும்.

ஆபீசுக்குப் பெரிய துரை கிரிம்ஷா. மழையை நேரில் பார்க்காமல் மழையைப் பற்றி எழுதுவது முறையில்லை என்பது அவருடைய கொள்கை. ஆனால் நனைந்தால் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. ஆகவே ஆபீசுக்குப் பின்புறம் கூரையும் சுவரும் கண்ணாடியாலேயே ஆன ஒரு மண்டபத்தைக் கட்டச் சொன்னார். மழை வந்தால் துரை அதற்குள் போய்ச் சாய்வு நாற்காலியில் படுத்து அண்ணாந்து பார்ப்பார். மழை நின்றபின் கண்ணாடியைத் துடைக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள்தான் அய்யாவு.

அய்யாவு சாதுவான மனுஷன். கேட்டால் பேசுவான், கேட்காவிட்டால் துடைப்பான். அவன் பெண்டாட்டி மாரியாயி சூளையில் செங்கல் சுமக்கிறவள். வெயிலில் தலைச்சுமையோடு நடக்கிறபோது, புருஷன் மேட்டு மேலே நிழலில் நின்று கண்ணாடி துடைக்கிறான் என்ற நினைப்பு அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக் கூட இருக்கும். "அந்த வேலையால நாட்டுக்கு என்ன பிரயோசனம்னு எனக்குத் தெரியல. ஆனா அவருக்கு இடுப்பு வலிக்கிறதில்ல" என்று லயத்து வீடுகளில் அக்கம்பக்கத்தாரிடம் சொல்லுவாள்.

அந்த ஆபீசின் முன்கூடத்தில் ஓர் அச்சுக் காகிதத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். கிரிம்ஷா துரை வந்த புதிதில் எழுதி, சிங்கப்பூர் போய், லண்டன் போய், அங்கே அச்சாகித் திரும்பி வந்தது அது. இந்த நாட்டில் ஆலங்கட்டி மழை பெய்வதில்லை என்பது அதன் சாரம். அய்யாவு தினமும் அந்தக் கண்ணாடியையும் சேர்த்துத்தான் துடைத்தான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை.

ஜெர்மனியோடு சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. எம்டன் கப்பல் பினாங்குத் துறைமுகத்துக்குள்ளேயே நுழைந்து அடித்துவிட்டுப் போன பயம் இன்னும் யாருக்கும் தெளியவில்லை. அப்படியிருக்கையில் ஒரு மத்தியானம் மேட்டுக்கு மேலே மட்டும் வானம் மசியாகக் கறுத்தது. துரை சாப்பிட்டுவிட்டுப் பங்களாவில் தூங்கப் போயிருந்தார். மழையை நேரில் பார்க்கும் கொள்கைக்குச் சாப்பாட்டு நேரத்தில் விலக்கு உண்டு. அய்யாவு மண்டபத்துக்குள் தனியாக நின்றான். முதலில் ஆபீஸ் தகரக் கூரையில் பொரி பொரிகிற மாதிரிச் சத்தம் கேட்டது. பிறகு அவன் தலைக்கு மேலே கண்ணாடி விரிசல் விட்டது. என்னடா இது என்று நிமிர்ந்தான். நெல்லிக்காய் அளவில் வெள்ளையாக ஒன்று கூரையைப் பொத்துக்கொண்டு வந்து நேராக அவன் நெற்றியில் இறங்கியது. அதன் பின்னாலேயே கூரையும் இறங்கியது. அய்யாவு அங்கிருந்த மேசைக்கு அடியில் புகுந்து முழங்காலைக் கட்டிக்கொண்டான்.

எல்லாம் கொஞ்ச நேரம்தான். உடனே வெயில் வந்தது. கோலாலம்பூர் வெயிலில் பனிக்கட்டி எவ்வளவு நேரம் கிடக்கும்? துரை தூங்கி எழுந்து, முகம் கழுவி, தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தபோது, உடைந்த கண்ணாடியும் தண்ணீரும் நெற்றி புடைத்த அய்யாவும் மட்டுமே மிச்சம்.

"என்ன நடந்தது?" என்று துரை இங்கிலீஷில் கேட்டார். கார்த்திகேசு கிராணியார் அதைத் தமிழில் கேட்டார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். அந்த ஆபீசின் எழுத்து வேலையும் மொழிபெயர்ப்பும் அவர் பொறுப்பு.

"கல்மழைங்க தொரெ" என்றான் அய்யாவு. "வானத்துலேருந்து விழுந்துச்சுங்க."

கிராணியார் கொஞ்சம் யோசித்தார். அவன் சொல்வதற்கு இங்கிலீஷில் சரியான சொல் ஒன்று உண்டு என்று அவருக்குத் தெரியும். அந்தச் சொல் அந்த ஆபீசில் பெய்வதில்லை என்பதும் தெரியும். ஆகவே அவன் வாயிலிருந்து வந்ததைத் துண்டு துண்டாக அப்படியே பெயர்த்தார். கல், மழையாக.

"கல்லா? யார் எறிந்தது?"

"யாரும் எறியலீங்க."

"யாரும் எறியாத கல் எப்படிக் கூரைக்குப் போகும்? இங்கே இருந்தவன் யார்?"

"நான்தானுங்க."

துரைக்கு அது போதுமானதாக இருந்தது. பொழுது சாய்வதற்குள் இரண்டு போலீஸ் மாத்தாக்கள் வந்து அய்யாவைக் கொட்டடிக்குக் கூட்டிப்போனார்கள். கண்ணாடித் துண்டு குத்திய காலோடு அவன் நொண்டிக்கொண்டே போனான்.

சேதி சூளைக்கு வந்தபோது மாரியாயி தலையில் கல் இருந்தது. அதை இறக்கி வைத்துவிட்டு அப்படியே மேட்டுக்கு ஓடினாள். கிராணியார் மேசையில் எதையோ அடித்துத் திருத்திக்கொண்டிருந்தார்.

"நான் என்ன செய்யிறது, பிள்ளை?" என்றார் அவர். "அவன் கல் எண்டு சொன்னான். நானும் கல் எண்டு சொன்னனான். ஒரு எழுத்துக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை."

"கல்மழைன்னு எல்லாரும் சொல்றதுதானுங்களே ஐயா. ஒங்களுக்குத் தெரியாததா?"

கிராணியார் வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "எனக்குத் தெரியாதெண்டு ஆர் சொன்னது? இந்த யன்னலுக்குள்ளாலை என்ரை மேசையிலையும் ஒண்டு வந்து விழுந்தது. கையிலை எடுத்துப் பாத்தனான். நல்ல குளிர்."

"அப்ப அதத் தொரெகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்களேன். அந்த மனுசன் வந்துருவாரு."

"சொல்லலாம். ஆனா இந்த நாட்டிலை அது விழுறேல்லை எண்டு துரை எழுதிப்போட்டார். அதைப் பிரதி எடுத்தவனே நான்தான்." அவர் மறுபடியும் பேனாவை எடுத்தார். "நீ போ பிள்ளை. விசாரணைக் குழு வைக்கப் போகினம். நியாயமா நடக்கும்."

குழு வைத்தார்கள். அதற்குத் தலைவர் கிரிம்ஷா துரை. குற்றம் சாட்டியவரும் அவரே. நடுநிலைமை கெட்டுவிடக் கூடாது என்பதற்காக, குற்றம் சாட்டும்போது எழுந்து நின்றும் தீர்ப்புச் சொல்லும்போது உட்கார்ந்தும் பேசுவதாக முதலிலேயே அறிவித்தார். அதைக் கேட்டு மற்ற இருவரும் மேசையைத் தட்டினார்கள். ஒருவர் போலீஸ் துரை. இன்னொருவர் டாக்டர் எல்ட்ரிட்ஜ். அவர் மருந்து கொடுக்கிற டாக்டர் இல்லை. பள்ளிக்கூடங்களைப் பார்வையிட வந்தவர். சொற்கள் எந்தக் காலத்தில் எங்கே பிறந்தன என்று ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். இந்த ஊரில் அவருடைய படிப்பைப் பற்றி இதுவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்த ஏக்கம் அவர் முகத்தில் தெரிந்தது.

மாரியாயியை வராந்தாவில் நிற்க விட்டார்கள். கிராணியார் அய்யாவுக்குத் தமிழில் சொல்வது அவளுக்கும் கேட்டது.

போலீஸ் துரை முதலில் அவளைத்தான் காட்டினார். "இந்தப் பெண் என்ன வேலை செய்கிறாள்?"

"சூளையில் கல் சுமக்கிறாள்" என்றார் கிராணியார்.

போலீஸ் துரை அதை எழுதி, அடியில் ஒரு கோடு போட்டார். புருஷன் கூரைக்கு அடியில் இருக்கிறான், பெண்டாட்டி கல்லுக்கு அடியில் இருக்கிறாள், இதைத் தற்செயல் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. மாரியாயி தன் இரண்டு கைகளையும் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். செங்கல் தூசி இன்னும் அவற்றில் இருந்தது.

அடுத்து எல்ட்ரிட்ஜ் துரை எழுந்தார்.

"ஒரு பொருள் எது என்று அறிய, பொருளையே பார்ப்பது பாமரர் வழி" என்று ஆரம்பித்தார். "பொருள் உடையும், உருகும், திருட்டுப் போகும். சொல் அப்படி இல்லை. சொல்லின் பிறப்பைப் பிடித்துவிட்டால் பொருள் தானே வந்து சிக்கும். வானிலிருந்து விழுவதாகச் சொல்லப்படும் பனிக்கட்டிக்கு நாம் 'ஹெய்ல்' என்கிறோம். நம் மூதாதைகள் ஆதி ஜெர்மானிய மொழியில் அதை 'ஹக்லாஸ்' என்று சொல்லியிருக்க வேண்டும்."

"சொல்லியிருக்க வேண்டும் என்றால்?" என்றார் போலீஸ் துரை.

"அந்த மொழியை யாரும் எழுதி வைக்கவில்லை. பேசியவர்கள் எல்லோரும் இறந்துவிட்டார்கள். ஆகவே எங்களை மறுத்துப் பேச ஆள் இல்லை. இந்தத் துறையின் சிறப்பே அதுதான்." அவர் தண்ணீர் குடித்தார். "ஹக்லாஸ் எங்கிருந்து வந்தது? கிரேக்க மொழியில் கூழாங்கல்லுக்கு ஒரு சொல் உண்டு. அதற்கும் இதற்கும் ஒரே மூலம் என்பது அறிஞர் கருத்து. அதாவது ஆதியில் அதன் அர்த்தமே கல். மலாய்க்காரர்களும் 'ஹூஜான் பத்து' என்கிறார்கள். அதுவும் கல்மழை. இந்தத் தமிழனும் கல் என்கிறான். இத்தனை இனத்தாரும் ஒரே குரலில் கல் என்று சொல்லும்போது, அதைப் பனிக்கட்டி என்று நினைக்க நாம் யார்?"

கிராணியார் இதை அய்யாவுக்குச் சொல்லி முடிக்க வெகு நேரம் பிடித்தது. அய்யாவு பொறுமையாகக் கேட்டான். கடைசியில், "ஐயா, எனக்கு அவங்க யாரையும் தெரியாதுங்க" என்றான்.

ஆனால் போலீஸ் துரையின் காதில் வேறு ஒரு சொல் விழுந்திருந்தது. "ஜெர்மானியம் என்றீர்களே?" என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

"ஆதி ஜெர்மானியம். அவர்களும் நாமும் பிரியாமல் ஒரே கூட்டமாக இருந்த காலத்துப் பேச்சு."

"அவர்களும் நாமும் ஒரே கூட்டம் என்கிறீர்கள்."

"அந்தக் காலத்தில்."

"சண்டைக் காலத்தில் ஒரு ஜெர்மன் சொல் அரசாங்கக் கூரை மேல் விழுந்திருக்கிறது. அதன் வீட்டு விலாசம் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது" என்றார் போலீஸ் துரை. "அதைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம்."

எல்ட்ரிட்ஜ் துரை உட்கார்ந்தார். குவளையைக் கையில் எடுத்தார், குடிக்காமலே கீழே வைத்தார். குழு கலைந்தது.

மாரியாயிக்கு ஒன்று மட்டும் விளங்கியது. அவர்கள் யாரும் அந்தப் பொருளைக் கண்ணால் பார்க்கவில்லை. பார்த்தால் புரிந்துகொள்வார்கள். அவள் மூசா நானாவிடம் போனாள். பிரிக்பீல்ட்ஸ் முக்கில் சர்பத் கடை வைத்திருந்தவர் அவர். ஐஸ் தொழிற்சாலையிலிருந்து கட்டி கட்டியாக வாங்கி, மரத்தூளில் புதைத்து வைத்திருப்பார்.

"ஐஸா? கொண்டு போ தங்கச்சி" என்றார் அவர். "ஆனா அது ரொம்ப சூசாவான, செரமமான எடம். அவங்க பேசி முடிக்கிற வரைக்கும் இது தாங்காது. போன ஒடனே நீட்டிரு."

அவள் கோணியில் மரத்தூளோடு சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு மேட்டுக்கு நடந்தாள். கழுத்து வழியாகத் தண்ணீர் ஓடியது.

அன்றைக்கு அவர்கள் வேறு ஒன்றில் மும்முரமாக இருந்தார்கள். கல்மழை என்பதற்குத் தமிழில் இன்னொரு பேர் உண்டா என்று தலைவர் கேட்டிருந்தார். ஆலங்கட்டி என்று சொல்வதுண்டு என்றார் கிராணியார். அகராதி வந்தது. ஆலம் என்றால் தண்ணீர் என்று போட்டிருந்தது. ஆலமரம் என்றும் போட்டிருந்தது. விஷம் என்றும் போட்டிருந்தது. தண்ணீரைக் கட்டியாகக் கட்ட முடியாது என்பதால் முதல் அர்த்தத்தைத் தள்ளினார்கள். அந்த மேட்டில் ஆலமரம் இல்லாததால் இரண்டாவதையும் தள்ளினார்கள்.

"ஆக, விஷக்கட்டி" என்றார் போலீஸ் துரை.

அந்தச் சமயத்தில் மாரியாயி உள்ளே போய்க் கோணியை மேசை மேல் அவிழ்த்தாள். "இதாங்க விழுந்துச்சு. இதே மாதிரி. தொட்டுப் பாருங்க தொரெ."

யாரும் தொடவில்லை. விஷம் என்று இப்போதுதான் முடிவாகியிருந்தது. சாட்சிப் பொருளை வரிசைப்படி ஏற்றுக்கொள்ள வேண்டும், அடுத்த கூட்டத்தில்தான் பரிசீலிக்க முடியும் என்று தலைவர் விளக்கினார். அதற்கு ஓர் அடையாளச் சீட்டுக் கட்டி, சாப் முத்திரை குத்தி, ஆபீஸ் இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். சாவியைத் தலைவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஐயா, அது கரைஞ்சிருங்களே" என்றாள் மாரியாயி.

கிராணியார் மொழிபெயர்த்தார். தலைவர் கனிவாகச் சிரித்தார். "அரசாங்கப் பெட்டியிலிருந்து எதுவும் வெளியே போனதில்லை என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லுங்கள்."

அடுத்த கூட்டத்தில் பெட்டியைத் திறந்தார்கள். சீட்டு இருந்தது, சாப் இருந்தது, நனைந்த கோணி இருந்தது. பெட்டிக்குள் அடுக்கியிருந்த பழைய பதிவுக் காகிதங்கள் எல்லாம் ஊறிப்போய் மசி கலைந்திருந்தன. கோலாலம்பூரில் பல வருஷம் பெய்த மழை அன்றுதான் முதல் முறையாக நனைந்தது.

"சாட்சிப் பொருளைக் காணவில்லை" என்று தலைவர் நின்றுகொண்டே சொன்னார். பிறகு உட்கார்ந்து, "காணாமல் போகக்கூடியது பொருளே அல்ல" என்றார்.

மாரியாயி அய்யாவைப் பார்த்தாள். கொட்டடியில் கிடந்து அய்யாவின் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. நெற்றிப் புடைப்பு வற்றிவிட்டது. இனிமேல் அதைக்கூடக் காட்ட முடியாது. கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். தனக்கு அங்கே யாரும் இல்லை, அவனுக்கும் யாரும் இல்லை. அவள் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்து கிராணியாரைக் கை நீட்டிக் காட்டினாள்.

"தொரெ, இந்த ஐயாவும் பாத்தாருங்க. இவரு மேசையிலயும் விழுந்துச்சு. கையில எடுத்துப் பாத்தேன்னு என்கிட்ட சொன்னாரு. இவரக் கேளுங்க தொரெ."

அறையில் தமிழ் தெரிந்தவர்கள் மூன்றே பேர். சொன்னவள் ஒருத்தி, கூண்டில் நிற்கிறவன் ஒருவன், இதை இங்கிலீஷில் சொல்ல வேண்டியவர் ஒருவர்.

"அவள் என்ன சொல்கிறாள்?" என்றார் தலைவர்.

கார்த்திகேசு கிராணியார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். பிறகு இங்கிலீஷில் ஏதோ சொன்னார். சின்ன வாக்கியம்தான். தலைவர் மாரியாயியைப் பார்த்துத் தலையசைத்தார். மற்ற துரைமாரும் தலையசைத்தார்கள். அவளுக்கு ஒரு கணம் நம்பிக்கை வந்தது. பிறகு யாரும் கிராணியாரை எதுவும் கேட்கவில்லை, அடுத்த காகிதத்தைப் புரட்டினார்கள். துரைமார் தன்மேல் காட்டும் பொறுமைக்கு அவள் நன்றி சொல்கிறாள் என்று அவர் பெயர்த்திருந்தார். அது வெளியே நின்ற பியூன் சொல்லித்தான் பின்னால் அவளுக்குத் தெரிந்தது.

தீர்ப்புக்கு முன்னால் எல்ட்ரிட்ஜ் துரை மறுபடியும் எழுந்தார். இடையில் போலீஸ் துரையோடு தனியாகப் பேசியிருந்தார் போலிருக்கிறது. ஆள் இளைத்திருந்தார்.

"ஹக்லாஸ் விஷயமாக என் கருத்தைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன்" என்றார். "கூழாங்கல் என்பது ஒரு கட்சி. அது பொருந்தாது என்பது இன்னொரு கட்சி. மூலம் உறுதியாகத் தெரியவில்லை என்பதே என் நிலை. எப்போதும் அதுவே என் நிலையாக இருந்தது. முடிவாகச் சொல்லக்கூடிய அறிஞர்கள் ஜெர்மனியில் இருக்கிறார்கள். எனக்கு அவர்களில் ஒருவரையும் தெரியாது. சண்டை முடிந்தபின் இலாகா மூலமாகக் கேட்டு எழுதலாம்."

கிரிம்ஷா துரைக்கு அது பிடித்திருந்தது. கல் என்று முடிவானால் கல்லெறிகிற ஊர் என்று அவர் ஆபீசுக்குக் கெட்ட பேர். பனிக்கட்டி என்று முடிவானால் அவர் எழுதியது பொய்யாகும். தெரியவில்லை என்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. அவர் உட்கார்ந்தார்.

"சொல்லின் மூலம் தெரியும் வரை இவன் குற்றவாளியும் அல்ல, நிரபராதியும் அல்ல" என்றார். "இவனை வீட்டுக்குப் போக விடுகிறோம். ஆனால் இவன் இருக்கும் இடத்தில் வானத்திலிருந்து எது விழுந்தாலும், விழும்போதே இந்த ஆபீசுக்கு வந்து, என்ன விழுந்தது என்று சொல்ல வேண்டும். ஒரு தரம் தவறினாலும் கப்பல்தான். நம் நீதியில் கருணைக்கும் இடம் உண்டு என்பதை இவன் என்றைக்கும் மறக்க மாட்டான் என்று நம்புகிறேன்."

அதை அவன் மறக்கவில்லை.

கோலாலம்பூரில் மழை பெய்யாத நாளை விரல் விட்டு எண்ணலாம். வானம் கறுத்தால் அய்யாவு கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவான். சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்துவிடுவான். மேட்டில் ஏறி வராந்தாவுக்குக் கீழே மழையில் நிற்பான். கிராணியார் உள்ளேயிருந்து தலையை நீட்டுவார்.

"என்ன விழுந்தது?"

"தண்ணிங்க."

"கல்லு?"

"இல்லீங்க."

"சரி, போ."

போ என்ற பிறகுதான் அவன் திரும்புவான். பாதி வேலையில் எழுந்து ஓடுகிறவனை யார் வைத்துக்கொள்வார்கள்? சூளையில் சேர்த்துப் பார்த்தாள் மாரியாயி. சுட்ட கல்லைத் தெருவில் போட்டுவிட்டு ஓடினான். அவன் ஓடுவதைப் பார்த்துப் பெண்கள் கொடியில் கிடக்கிற துணியை எடுக்க ஆரம்பித்தார்கள். மழை வருமா என்று கேட்டால் மழையாபீஸ் சொல்லாது, அய்யாவின் கால் சொல்லிவிடும் என்று சிரித்தார்கள். மாரியாயி அவர்களோடு சேர்ந்து சிரிக்கவில்லை.

கிள்ளானில் அவள் தம்பி ரெங்கசாமி துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். "இங்க வந்துருங்கக்கா. யாரு வந்து பாக்கப் போறா?" என்று கூப்பிட்டான். போனார்கள். மறுநாளே அங்கே தூறல் போட்டது. கடைக்குப் போயிருந்த மாரியாயி திரும்பி வந்தபோது அய்யாவு இல்லை. ரயிலுக்குக்கூடக் காத்திருக்காமல் தண்டவாளத்தோடு நடந்தே கோலாலம்பூர் போய்விட்டான். அவள் மறுநாள் காலை ரயிலில் வந்து, மேட்டு வாசலில் கால் கொப்புளத்தோடு உட்கார்ந்திருந்தவனைக் கூட்டிப்போனாள். அதற்குப் பிறகு அவர்கள் எங்கும் போகவில்லை.

ராத்திரியில் தூக்கத்தில்கூட, "தண்ணிங்க, தண்ணிதானுங்க" என்று முனகுவான். அவள் அவன் தலையைத் தடவிக்கொடுப்பாள். அவளோடு பேசும்போதும் சில சமயம் ஆபீசில் பேசுவதுபோல 'ங்க' போட ஆரம்பித்திருந்தான். அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட பயமாக இருந்தது.

சண்டை முடிந்தது. ஊரில் பட்டாசு வெடித்தார்கள். மாரியாயி சூளையிலிருந்து நேராக மேட்டுக்குப் போனாள். முன்கூடத்தில் சாமான்களைப் பெட்டிகளில் அடைத்துக்கொண்டிருந்தார்கள். கிராணியார் நடுவில் நின்றிருந்தார்.

"சண்ட முடிஞ்சிருச்சுங்களே ஐயா. ஜெர்மனிக்கு எழுதிட்டீங்களா?"

"ஆர் எழுதுறது? கிரிம்ஷா துரை சீமைக்குப் போயிட்டார். எல்ட்ரிட்ஜ் துரையை எங்கையோ மாத்திப்போட்டினம். இந்தக் கந்தோரையே மூடியாச்சு. நானும் ஊருக்குப் போறன்."

"அப்ப இவரு கேஸு?"

"அது ஏதோ ஒரு பெட்டிக்குள்ளை இருக்கு."

"அப்படின்னா இனிமே இவரு வர வேண்டாம்தானே? அத ஒரு வார்த்த அவருகிட்ட நீங்க சொல்லிருங்க ஐயா. நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறாரு."

கிராணியார் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "வா எண்டு சொன்னவர்தான் வராதை எண்டும் சொல்லோணும், பிள்ளை. எனக்கு அந்த அதிகாரம் இல்லை." கயிற்றைக் கையில் எடுத்தார். "அண்டைக்கு நான் சொல்லியிருக்கலாம்" என்றார். பிறகு ஒரு பெட்டிக்குக் கயிறு கட்டப் போய்விட்டார்.

ஆபீஸைப் பூட்டிவிட்டார்கள். வாசற்படியில் புல் முளைத்தது. மழை மட்டும் முன்போலவே பெய்தது. அய்யாவும் முன்போலவே ஓடினான். பூட்டின கதவுக்கு முன்னால் நின்று, "தண்ணிங்க" என்பான். முன்பு கிராணியார் போ என்று சொல்லுவார். இப்போது சொல்ல ஆள் இல்லை. ஆகவே அவன் போகமாட்டான். மழை விட்டபிறகும் நின்றுகொண்டே இருப்பான். மாரியாயி வேலை முடிந்து வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக வேண்டும். அவனுக்கு மார்ச்சளி கட்டியது. இருமல் நிற்கவில்லை.

ஒரு மத்தியானம் நல்ல மழை. சூளை நெருப்பை மூடிவிட்டு எல்லோரும் கொட்டகைக்குள் ஒண்டினார்கள். மாரியாயி ஒண்டவில்லை. மேட்டுக்கு நடந்தாள். அவன் அங்கேதான் நின்றான், கைகளைக் கட்டிக்கொண்டு, பல் கிட்டிக்க, பூட்டையே பார்த்தபடி.

அவனை இழுக்கப் போனவள் நின்றாள். பிறகு அவனைத் தாண்டிப் படியேறி, வராந்தாவில் கிராணியார் தலை நீட்டுகிற இடத்தில் போய் நின்று திரும்பினாள். சேலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"என்ன விழுந்துச்சு?" என்றாள்.

அய்யாவு அவளைப் பார்த்தான். சூளைப் புழுதி மழையில் கரைந்து அவள் கைகளில் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது.

"தண்ணிங்க" என்றான்.

"கல்லு?"

"இல்லீங்க."

"சரி. இனிமே நீ வர வேணாம். கேஸு முடிஞ்சுபோச்சு."

அவன் நகரவில்லை. இருமினான். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான். "அந்த வார்த்த எங்கேருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சிருச்சுங்களா?"

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. இத்தனை காலமும் அவன் அதற்குத்தான் காத்திருந்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. "தெரிஞ்சிருச்சு" என்றாள்.

"எங்கேருந்துங்க?"

மாரியாயி பூட்டின கதவைப் பார்த்தாள், கூரை விளிம்பிலிருந்து ஊற்றுகிற தண்ணீரைப் பார்த்தாள்.

"மேலேருந்து" என்றாள்.

அய்யாவு அண்ணாந்து பார்த்தான். மழை அவன் முகமெல்லாம் விழுந்தது. உள்ளங்கையால் நெற்றியை வழித்துக்கொண்டான். பிறகு அவள் இறங்கி வரட்டும் என்று கையை நீட்டினான்.

"நானும் மொத நாளே அதத்தானடி சொன்னேன்" என்றான்.